இருளம்மாளின் மலைத்தண்ணி சர்பத்

இருளம்மாளுக்கு வாயைவிடக் கை முந்தும். போடியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் அவள் சர்பத் வண்டி போட்டிருந்த காலம் முழுக்க, அவளிடம் அடி வாங்காமல் தப்பித்தவர்கள் அந்தத் தெருவுக்கே வராதவர்களாகத்தான் இருக்கவேண்டும். பஸ்சில் உரசியவனைச் செருப்பால் அடித்திருக்கிறாள். வண்டியை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தவரின் கார்க் கண்ணாடியை, ஐஸ் உடைக்கிற கட்டையால் நொறுக்கியிருக்கிறாள். கட்டிய புருஷன் மொக்கச்சாமி குடித்துவிட்டு வந்து பிள்ளைமேல் கை ஓங்கிய அன்று, சோடா பாட்டிலால் அவன் முன்பல்லைத் தட்டினாள். அவன் மறுநாளே மலையேறி ஏதோ ஏலத்தோட்டத்தில் சோலிக்குச் சேர்ந்தவன், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "விட்டது சனியன்" என்று சொல்லிவிட்டு அவள் வழக்கம்போல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை போடப் போனாள்.

அவளைக் குறை சொல்லவும் மனசு வரமாட்டேனென்கிறது. தேவாரத்தில் மலையடிவாரத்தில் பிறந்தவள். அப்பன் ஒச்சப்பன் குத்தகைக்குப் போட்டிருந்த மக்காச்சோளத்தை யானை இறங்கி மிதித்தது. தீப்பந்தத்தோடு விரட்டப் போன அவரையும் மிதித்தது. ஆத்தாளும் அவளும் தம்பி சின்ராசும் போடிக்கு வந்து ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பிரிக்க உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த மேஸ்திரிக்கு, குனிந்து காய் அள்ளுகிற பெண்களின் இடுப்பைக் கிள்ளுவது ஒரு பொழுதுபோக்கு. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். இருளம்மாள் முறத்தின் விளிம்பால் ஒரே போடு போட்டு அவன் மூக்கை உடைத்தாள். அதோடு அந்த வேலை போயிற்று. சர்பத் வண்டி வந்தது அதற்குப் பிறகுதான்.

ஊரையே அடித்த அந்தக் கை, மகள் முத்துப்பிரியாமேல் மட்டும் ஒரு நாளும் பட்டதில்லை. அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இடைவேளை மணி அடித்ததும் ஓடிவந்து வண்டிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். "என் குலசாமி வந்துட்டா, வழிய விடுங்கடா" என்று மற்றப் பிள்ளைகளை விலக்கிவிட்டு, முதல் டம்ளரை மகளுக்குத்தான் கொடுப்பாள் இருளம்மாள். அவள் வாழ்க்கையே அந்த ஒரு பிள்ளைதான்.

சர்பத் என்றால் சும்மா இல்லை. நன்னாரியும் எலுமிச்சையும் ஊறிய சப்ஜா விதையும் போட்ட சர்பத் ஒரு பக்கம், ஏலக்காய் தட்டிப் போட்ட மோர் ஒரு பக்கம். வாத்தியார்மார்களே ஆள் அனுப்பி வாங்கிக் குடிப்பார்கள். அந்த ருசிக்குக் காரணம் தண்ணீர். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருக்கும், அதில் ஏலக்காய் மணம் எடுபடாது. அதனால் இருளம்மாள் குழாய்ப் பக்கமே போகமாட்டாள். சின்ராசு விடியற்காலையில் ஜீப்பில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போவான். திரும்பும்போது மலைப்பாதை வளைவில் இருக்கிற பாறையூத்தில் கேன்களை நிரப்பிக்கொண்டு வருவான். சில்லென்று, இனிப்பாக இருக்கும். வேர் மூலிகையெல்லாம் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர், வயிற்றில் என்ன கோளாறு இருந்தாலும் தீர்த்துவிடும் என்று போடியில் படித்தவர்கள்கூடச் சொல்வார்கள். காரை நிறுத்தி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். அதைக் கொதிக்கவைப்பது என்பது யாருக்கும் தோன்றாது. கொதிக்கவைத்தால் அதன் சத்து செத்துப்போகும் என்று நம்புகிறவர்கள் நாம்.

டம்ளர் கழுவ இருளம்மாளிடம் ஒரு வாளி உண்டு. காலையில் ஊற்றிய தண்ணீர், பள்ளி விடுகிறவரைக்கும் அதேதான். ஒரு பிள்ளை குடித்துவிட்டு வைத்ததை அதில் முக்கி ஓர் உதறு உதறி அடுத்த பிள்ளைக்கு ஊற்றுவாள். ஊர் இதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டே, "யக்கா, இன்னொரு கிளாசு போடு" என்றுதான் கேட்டது.

சுகாதார ஆய்வாளர் முனீஸ்வரி என்று ஒரு சின்னப் பெண் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு நாள் வண்டியருகே வந்து, குளோரின் மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"கேனுக்கு ஒண்ணு போட்டு அரை மணி நேரம் வச்சிருங்கக்கா. இல்லேன்னா கொதிக்க வச்சு ஆத்துங்க. சின்னப் பிள்ளைக குடிக்கிறது."

"மலை குடுக்குற தண்ணியில வெசத்தக் கலக்கச் சொல்றியாடி?" என்று அட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள் இருளம்மாள். "உனக்கு முன்னாடி எத்தன பேரப் பாத்துருக்கேன். போடி உன் சோலியப் பாத்துக்கிட்டு!" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். அந்தப் பெண் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவள், "திரும்ப வர்றேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலுக்கு எதிர்ப்பக்கம் பால்ராஜ். மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பெட்டி, மேலே ஒரு குடை. பச்சையும் ரோஸுமாகக் கலர் ஐஸ், பாக்கெட்டில் அடைத்த கலர் தண்ணி. வாயில்லாத ஆள். பிள்ளைகளில் பாதி அவனிடம் ஓடும், அது இருளம்மாளுக்குப் பொறுக்காது. வந்த புதிதில் அவன் குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துப்போட்டாள். அவன் மறுநாள் வேறு குடையோடு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றான். அவனுடைய கலர் தண்ணியும் ஒன்றும் அமிர்தம் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் மாசக் கடைசியில் மலையில் மழை வலுத்தது. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். முதலில் ஒரு வகுப்பில், பிறகு எல்லா வகுப்பிலும். வாந்தியும் பேதியுமாகப் பெஞ்சிலேயே கிடந்தவர்களை ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், வராண்டாவில் பாய் விரித்து மற்றவர்கள். முத்துப்பிரியா கரும்பலகைக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். இருளம்மாள் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

வராண்டாவில் ஒரு தகப்பன் கத்தினார். "ஐஸுதாங்க! அந்தக் கலர் ஐஸுதான். வேற என்ன இருக்கு?"

யார் எதைக் குடித்தார்கள் என்று ஒருத்தரும் பிள்ளைகளைக் கேட்கவில்லை. இருளம்மாள் மட்டும் குனிந்து மகளைக் கேட்டாள். "ஐஸ் வாங்கித் தின்னியா ஆத்தா? அம்மா அடிக்கமாட்டேன், சொல்லு."

"ஒரே ஒரு நாளும்மா" என்றது பிள்ளை.

அது எந்த நாள் என்றுகூட அவள் கேட்கவில்லை. அப்போதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி ஓடினாள். தன் வண்டியிலிருந்த ஐஸ் கட்டையை எடுத்தாள். பால்ராஜ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். முதல் அடி அவன் முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எதிர்ச்சாரிக் கடைவரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

"யக்கா! எம் மகளும் இதத்தான் தின்னா! நல்லாத்தான் இருக்கா, வந்து பாருக்கா!" என்று அலறினான்.

அந்த வாயிலேயே அடித்தாள். உதடு கிழிந்து பல்லோடு ரத்தம் கொட்டியது. பெட்டியைக் கவிழ்த்து, ரோஸும் பச்சையுமாகத் தெருவில் ஓடிய தண்ணீரில் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தேய்த்தாள். "குடிடா! குடி! எம்புள்ளைக்குக் குடுத்தேல்ல, நீயும் குடி!" அதற்குள் அவளுக்குப் பின்னால் வந்த தகப்பன்மார்கள் சேர்ந்துகொண்டார்கள். விலாவில் உதைத்தார்கள். குடைக்கம்பியால் குத்தினார்கள். வண்டிக்குத் தீ வைத்தார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு அடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவன் கிடைத்தான், அவ்வளவுதான். போலீஸ் வரும்போது அவன் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். யார் அடித்தது என்று கேட்டதற்கு, ஊரே அடித்தது என்று பதில் வந்தது.

சேலையில் ரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவளுக்கு எல்லாரும் வழிவிட்டார்கள். "நல்ல காரியம் பண்ணுனக்கா" என்று ஒருவர் தோளைத் தொட்டார்.

உள்ளே நர்ஸம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியை வார்டு டிரம்மில் இருந்த தண்ணீரில் கரைத்து முத்துப்பிரியாவுக்குக் கொடுத்தாள். பிள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டு வாந்தியெடுத்தது. இருளம்மாள் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். பிளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது.

"இந்த நாத்தத்தக் குடிச்சா நல்லா இருக்குற புள்ளையே வாந்தி எடுக்கும்."

"அந்த மருந்து இருக்கிறதாலதாங்க இது நல்ல தண்ணி. கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, நிக்கும்" என்றாள் நர்ஸம்மா.

பளாரென்று ஓர் அறை. நர்ஸம்மாவின் கண்ணாடி பறந்து சுவரில் மோதியது. டாக்டர் ஓடிவருவதற்குள் இருளம்மாள் மகள் கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப்போட்டாள். "பிள்ளைய வெளியில கொண்டுபோகாதம்மா, உயிருக்கு ஆபத்து!" என்று டாக்டர் வாசல்வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார். அவரையும் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வார்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த அதே பொடியை வீட்டில் மலைத்தண்ணியில் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை ஆவலாகக் குடித்தது. "இது நல்லாருக்கும்மா" என்றது. இருளம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்கக் கேட்க ஊற்றினாள்.

இதற்கிடையில் ஊரில் ஓர் அதிசயம் நடந்தது. நோய் நின்றுவிட்டது. புதிதாக ஒரு பிள்ளையும் விழவில்லை, விழுந்த பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்கள். பால்ராஜை அடித்து ஓட்டியதில்தான் பேதி நின்றது என்று டீக்கடை டீக்கடையாகப் பேசிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் இருளம்மாளின் வண்டியும் அன்றையிலிருந்து ஆளில்லாமல் நிற்கிறது என்பது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவளுக்கும் படவில்லை. அவள் வீட்டில் மட்டும் பிள்ளை தேறவில்லை. கண் குழி விழுந்து, உதடு வெடித்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது.

கேனில் அடித்தண்ணீர் மட்டும் இருந்தபோது, அவள் அதைப் பாட்டிலில் ஊற்றிப் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் கையில் கொடுத்தாள். "புள்ள கேட்டா இதத்தான் குடுக்கணும். குழாய்த் தண்ணியத் தொட்டேன்னா பாத்துக்க" என்று மிரட்டிவிட்டு, சின்ராசின் ஜீப்பில் ஏறினாள். "வெரசா விடுடா" என்று வழியெல்லாம் அவன் முதுகில் குத்திக்கொண்டே போனாள்.

பாறையூத்துக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் முனீஸ்வரி நின்றாள்.

"இந்தத் தண்ணியப் பிடிக்கக்கூடாதுக்கா."

இருளம்மாள் கயிற்றை அறுத்தாள். குறுக்கே வந்தவளின் கழுத்தைப் பிடித்துப் பாறையோடு சாத்தினாள். "எம்புள்ள சாகக் கெடக்கு. வழிய விடு, இல்ல இங்கயே ஒன்னய முடிச்சிருவேன்."

முனீஸ்வரிக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் பேசினாள். "எல்லாப் பிள்ளையும் தேறிருச்சு. ஒங்க பிள்ள மட்டும் ஏன் தேறலன்னு யோசிச்சீங்களா? ஒரு தடவ மேல ஏறிப் பாருங்கக்கா. பாத்துட்டு வந்தும் வேணும்னா நீங்களே பிடிச்சுக்கிட்டுப் போங்க. நான் தடுக்கல."

அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் இருளம்மாள் ஏறினாள். வழுக்குகிற பாறையில் புல்லைப் பிடித்து ஏறி, ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு நின்றபோது, முதலில் வாடைதான் வந்தது. புதிதாகப் போட்ட தகரக் கொட்டகைகள். காய் பறிக்க எங்கிருந்தோ கூட்டிவந்த சனங்களை அடைத்து வைத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரு கக்கூஸ் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த சரிவுதான் எல்லாவற்றுக்கும். மழை அந்தச் சரிவையெல்லாம் கழுவி, மஞ்சளும் கறுப்புமாக ஒரு வாய்க்கால் போட்டிருந்தது. அந்த வாய்க்கால் பாறை வெடிப்புக்குள் இறங்கியது. வெடிப்பு எங்கே போய்த் திறக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இறங்கி வந்ததும் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "மேல ஆளுக இருக்குறது ஒனக்குத் தெரியுமாடா?"

"போன மாசந்தான்க்கா கொட்டகை போட்டாங்க. ஊத்துத் தண்ணிய அது என்ன பண்ணும்னு நெனச்சேன். நானே அவங்களக் கூட்டியாந்து எறக்கிவிட்டேன்க்கா."

வெறும் கேனால் அவன் தலையிலும் முகத்திலும் அடித்தாள். கேன் விரிசல் விட்டு, பிடி மட்டும் கையோடு வந்தது. பிறகு முஷ்டியால் அடித்தாள். அவன் தடுக்கவே இல்லை. திடீரென்று நிறுத்தினாள். மூக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்த பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது.

செல்போனில் சிக்னல் இல்லை. ஜீப் வளைவு வளைவாக இறங்க, அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எடுடி, எடுடி" என்று அரற்றினாள். அடிவாரத்துக்கு வந்தபிறகுதான் லைன் கிடைத்தது.

"மூக்கம்மா, அந்தத் தண்ணியக் குடுத்துராத! கீழ ஊத்து!"

"இப்பத்தான் கடைசி டம்ளரு குடுத்தேன். கேட்டுக் கேட்டுக் குடிச்சாளே" என்றாள் மூக்கம்மாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கியது அவளிடம் அறை வாங்கிய அதே நர்ஸம்மாதான். கையில், காலில், கழுத்தில் நரம்பு தேடினாள். நரம்பெல்லாம் வற்றி ஒட்டிப்போயிருந்தது. டாக்டர் பிள்ளையின் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்கு முன்னால் முத்துப்பிரியா போய்விட்டாள்.

செய்தி பரவியது. வாசலில் கூட்டம் சேர்ந்தது. பிள்ளை பிழைத்த தகப்பன்மார்கள்தான் அதிகம். "அன்னைக்கே அவன முடிச்சிருக்கணும்" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆண்கள் வார்டில் பால்ராஜ் மாவுக்கட்டோடு கிடப்பது எல்லாருக்கும் தெரியும். "இருளம்மா புள்ளைக்கு ஞாயம் வேணும்டா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

அந்தச் சத்தம் இருளம்மாள் காதில் விழுந்தது. மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது பால்ராஜைக் கட்டிலிலிருந்து இழுத்துத் தரையில் போட்டிருந்தார்கள். ஒருவர் குளுக்கோஸ் கம்பத்தை ஓங்கியிருந்தார். இருளம்மாள் கையில் அகப்பட்டவனையெல்லாம் அடித்து, கடித்து, பிறாண்டி வழி செய்துகொண்டு போய் அவன்மேல் விழுந்தாள். கம்பம் அவள் தோளில் இறங்கியது.

"இவன் இல்லடா! எஞ் சர்பத்து! மலைத்தண்ணியில பீத்தண்ணி கலந்துருக்கு, நான் கண்ணால பாத்துட்டு வர்றேன். ஒங்க புள்ளைகளுக்கு நாந்தான் குடுத்தேன். எம்புள்ளைக்கும் நாந்தான் குடுத்தேன். கேட்டுக் கேட்டுக் குடிச்சா, ஊத்தி ஊத்திக் குடுத்தேன். அடிங்கடா என்னய! இப்ப அடிங்க!"

யாரும் அடிக்கவில்லை. கம்பத்தை ஓங்கியவர் அதை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒருவர் தன் பிள்ளையைப் பார்க்கப் போகவேண்டும் என்று முனகினார். ஒவ்வொருவராக நழுவினார்கள். அவள் போகிறவர்களின் காலைப் பிடித்து, "அடிச்சுட்டுப் போங்கய்யா" என்று கெஞ்சினாள். காலை உதறிக்கொண்டு போனார்கள்.

வார்டில் அவளும் பால்ராஜும்தான் மிஞ்சினார்கள். அவனுடைய முறியாத கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள். மறுபடியும் அறைந்துகொண்டாள். மூன்றாவது தடவை அவன் கையை இழுத்துக்கொண்டான். தையல் போட்ட உதடு அசைய அவனுக்கு வலித்தது.

"போக்கா. புள்ள அங்க தனியாக் கெடக்கு" என்றான்.